எந்த ‘ஃபைனல்’ உண்மையான ஃபைனல்?



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். “கம்ப்யூட்டர்ல வரைஞ்சா தப்பே வராதாம்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வந்தது!

ஐந்தாவது செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஒரு ஃபிளாஞ்ச். மூன்று பேர் வரைந்தோம். பென்டிரைவில் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட் என்று மூன்று ஃபைல். துளை வட்டத்தின் விட்டத்தை 90 மி.மீ.யிலிருந்து 96 ஆக மாற்றியிருந்தோம். பட்டறைக்குப் போன பிரிண்டில் 90தான் இருந்தது. போல்ட் ஏறவில்லை. தண்டம் 1,400 ரூபாய்; அம்மாவின் நான்கு நாள் கூலி.

நடந்தது என்னவென்றால், எங்களில் ஒருவன் பழைய படத்தைத் திறந்து, லேயர் கலரை மட்டும் மாற்றி, ‘லாஸ்ட்’ என்று சேவ் செய்துவிட்டான். தேதி புதுசு, அளவு பழசு.

“கிட் போட வேண்டியதுதானே” என்பார்கள் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள். புரோகிராம் வரிவரியான எழுத்து. எந்த வரி மாறியது என்று கிட் காட்டிவிடும். டிடபிள்யூஜி பைனரி ஃபைல். மாறியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தத் துளை நகர்ந்தது என்று சொல்லாது. ஆட்டோகேட் 2019 முதல் ‘கம்பேர்’ கட்டளை உண்டு. இரு படங்களின் வித்தியாசத்தை நிறத்தில் காட்டும். நம் லேபில் இருப்பதோ 2016! அது 2018 அமைப்பு ஃபைலைத் திறக்கவே திறக்காது. 2013 அமைப்பில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துத்தான் கொண்டுவர வேண்டும். சந்தேகமா? ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள். ஏசி1032 என்றால் 2018 அமைப்பு, ஏசி1027 என்றால் 2013. (நோட்பேடில் சேவ் மட்டும் பண்ணிடாதீங்க!)

பசங்க செய்த கூத்து என்று சிரிக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கும் இதே வினைதான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா 4, பிரான்சின் துலூசில் கேட்டியா 5. ஒரு விமானத்தில் சுமார் 530 கி.மீ. வயர். ஹாம்பர்க்கில் செய்த வயர் கட்டுகள் துலூசில் பொருந்தவில்லை. 2006இல் தாமதத்தை மறுபடி மறுபடி அறிவித்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்.

இப்போது எங்கள் ஃபைல் பெயரில் ‘ஃபைனல்’ என்ற சொல்லே கிடையாது. ஆர்0, ஆர்1, ஆர்2 மட்டும். டைட்டில் பிளாக்கில் ரிவிஷன் கட்டம்: என்ன மாற்றம், யார், எந்தத் தேதி. ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஃபைலைத் திறக்கலாம். பட்டறையில் புதுப் பிரிண்டைக் கொடுத்தால் பழசைக் கையோடு வாங்கிவிடுகிறோம்.

இரண்டாவது ஃபிளாஞ்சில் ஆறு போல்ட்டும் ஏறின. முதலாவது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டாக இருக்கிறது.