வதந்திக்கு வங்கி சொல்ல வேண்டிய பதில்

போனக்காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டி மலை ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம். அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் புறப்படுவதும் அங்கிருந்துதான். அங்கே பாழடைந்து கிடக்கும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றில் பேய் உலவுகிறது என்று வெகுநாளாகப் பேச்சு. மறுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லையே! பேச்சு வளராமல் என்ன செய்யும்?

பேய்க் கதையால் யாருக்கும் பணம் நஷ்டமில்லை. வங்கியைப் பற்றிய பேச்சு அப்படியல்ல. நாம் போடும் பணத்தில் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்துவிடுகிறது. கையிருப்பில் வைப்பது சிறு பங்குதான். எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் நல்ல வங்கியும் தடுமாறும்.

போனக்காடு அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1937-ல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, மறு வருடம் ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. வங்கியை நடத்தியவர்களுக்கும் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யருக்கும் பகை, வெளியே வதந்தி, வாசலில் கூட்டம். ரிசர்வ் வங்கி தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கிருந்தும் போதிய உதவி கிட்டவில்லை.

2008-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானதும், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் மூழ்கப் போகிறது என்று பேச்சு கிளம்பி ஏ.டி.எம். வாசல்களில் வரிசை நின்றது. வங்கி 'கவலை வேண்டாம்' என்பதோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலுள்ள தன் துணை வங்கியிடம் 5 கோடியே 70 லட்சம் யூரோ மதிப்புள்ள லேமன் பத்திரங்கள் இருப்பதைத் தானே வெளியிட்டது. செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கியும், மூலதனம் போதுமானது, கேட்போருக்குக் கொடுக்க ரொக்கமும் ஏற்பாடாகியுள்ளது என்று அறிவித்தது. வங்கி தப்பியது. தன் வாயால் கணக்கு, அடுத்தவர் வாயால் சான்று: இரண்டும் தேவைப்பட்டன.

இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இது புதிதல்ல. குறிப்பிட்ட கிலோமீட்டரில் வண்டி குலுங்கியது என்று டிரைவர் சொன்னால், 'எங்கள் பாதை சரியாகத்தான் இருக்கிறது' என்று நாங்கள் வாதாட மாட்டோம். அடுத்த வண்டிகளுக்கு எச்சரிக்கை உத்தரவு கொடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டு, அந்த இடத்துக்கே போய் அளப்போம். சரி என்று எழுதிக் கொடுத்த பிறகே பழைய வேகம். குறை சொன்னவர்மீது யாரும் வழக்குப் போடுவதில்லை! சில நிதி நிறுவனங்களோ முதலில் வக்கீல் நோட்டீஸைத்தான் நீட்டுகின்றன. அது எனக்குச் சரியாகப் படவில்லை. மறைக்க ஏதோ இருக்கிறது என்றே பார்ப்பவர் நினைப்பார்.

எல்லாப் பேச்சும் வதந்தியும் அல்ல. கேட்காமல் கட்டணம் பிடித்தது, முதிர்ந்த வைப்புத்தொகையைத் தர இழுத்தடித்தது போன்றவை நியாயமான முறையீடுகள். அவற்றுக்குப் பொது அறிக்கை பதிலாகாது. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து, தேதியும் தொகையும் போட்டு எழுத வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. முறையீட்டை முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து, கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. செல்போனில் 'உடனே பணத்தை எடுங்கள்' என்று செய்தி வந்தால், உறவினருக்கு அனுப்புமுன் இதை நினைவில் வையுங்கள்: 2020 பிப்ரவரி முதல், ஒருவர் ஒரு வங்கியில் வைத்திருக்கும் வைப்புக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாலா சென்ட்ரல் வங்கி 1960-ல் மூடப்பட்ட பிறகு, 1962-ல் இது தொடங்கியபோது வரம்பு வெறும் 1,500 ரூபாய்தான்.