கொசஸ்தலையின் கடைசி முனை: அனல்மின் நிலையத்தை வீட்டிலிருந்தே கண்காணிக்க

திருத்தணியில் 365 படி ஏறி நின்று கிழக்கே பார்த்தால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரியாது. நேர்கோட்டில் 80 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆனால் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறக்கும் கொசஸ்தலை, பூண்டியில் நகரியாற்றையும் சேர்த்துக்கொண்டு 136 கி.மீ. ஓடிக் கடலில் விழுவது அந்தப் புகைபோக்கிகளின் காலடியில்தான். மாவட்டமும் ஒன்றே, திருவள்ளூர். அந்தப் புகைபோக்கிகளின் அடியில் வாழ்பவர்கள் மனு கொடுக்கும் கலெக்டர்தான் திருத்தணியில் இருக்கும் நமக்கும் கலெக்டர். கண்காணிக்க எண்ணூருக்குப் போக வேண்டாம். ஒரு செல்போன், ஒரு நோட்டு, காலையில் பத்து நிமிடம் போதும்.

நோட்டின் முதல் பக்கத்தில் யூனிட்டுகளை எழுதுங்கள். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் 1990களில் வந்த 210 மெகாவாட் யூனிட் மூன்று, அதன்பின் வந்த 600 மெகாவாட் இரண்டு, 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் ஒன்று. பக்கத்திலேயே வல்லூரில் 500 மெகாவாட் மூன்று. பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடியாயிற்று. அதன்மேல் இன்னும் பழி போடுபவர்கள் உண்டு. யூனிட் எண் எதற்கு? 2015 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதி, வயதைப் பார்த்து வரம்பு வைக்கிறது. 2003 முடிவதற்குள் வந்த யூனிட் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் தூசி விடலாம். 2004 முதல் 2016 வரை வந்தவை 50. 2017 முதல் வந்தவை 30. அத்திப்பட்டில் ஒரே மதிலுக்குள் மூன்று வரம்பும் இருக்கிறது. ‘புகை அதிகம்’ என்று பொதுவாக எழுதிய மனு எங்கும் நகராததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது பழுது. மத்திய மின்சார ஆணையத்தின் அன்றாட அறிக்கைகள் நேஷனல் பவர் போர்ட்டலில் வருகின்றன. எந்த யூனிட் எப்போது நின்றது, ஏன் நின்றது, எப்போது திரும்பும் என்று அதில் இருக்கும். காரணம் ஒரே வரிதான். ‘பாய்லர் டியூப் லீக்’ என்றால் கொதிகலன் குழாய் ஓட்டை. பழைய யூனிட்டுகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். ‘ரிசர்வ் ஷட் டவுன்’ பழுதே அல்ல, மின்தேவை குறைந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

நின்ற நேரத்தைவிடத் திரும்பக் கிளம்பிய நேரம் எனக்கு முக்கியம். பாய்லரை ‘லைட் அப்’ செய்யும்போது முதலில் எண்ணெய் எரிப்பார்கள். சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கருவிக்கு அப்போது முழு மின்சாரம் கொடுக்கமாட்டார்கள். எரியாத எண்ணெய் படிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அந்தச் சில மணி நேரம் புகைபோக்கி ஏறக்குறைய திறந்த வாய். அடிக்கடி ட்ரிப் ஆகும் யூனிட் அடிக்கடி இப்படிப் புகை கக்கும். ஆகவே பழுதுக்குத் தனி நோட்டு, புகைக்குத் தனி நோட்டு வேண்டாம்.

காற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் எண்ணூர், மணலிப் பக்கத்து நிலையங்களைப் பாருங்கள். மொத்தக் குறியீட்டோடு நிற்காமல் பி.எம். 2.5, கந்தக டை ஆக்சைடு இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு முறையே 60, 80 மைக்ரோகிராம். தூசி, லாரி ஓடினாலும் ஏறும். கந்தகம் நிலக்கரியோ எண்ணெயோ எரிந்தால்தான் சட்டென்று ஏறும். காற்றின் திசையை எழுதாவிட்டால் இத்தனையும் வீண். அனல்மின் நிலையங்கள் எண்ணூருக்கு வடக்கே. மணலி சுத்திகரிப்பு ஆலை தென்மேற்கே. வாடை அடிக்கும்போது அளவு ஏறினால் சந்தேகம் நிலக்கரி மேல். தென்மேற்குக் காற்றில் ஏறினால் மணலிப் பக்கம் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் முகத்துவாரம் முழுக்கப் படிந்த எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் சம்பந்தமில்லை. ஆள் மாற்றிக் குற்றம் சாட்டினால் அடுத்த மனுவை யாரும் படிக்கமாட்டார்கள்.

சாம்பலை வானத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் பக்கிங்காம் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் சென்டினல்-2 படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிது வரும். ஒரே இடத்தின் இரண்டு தேதிப் படங்களை அருகருகே வைத்து, புதிதாகச் சாம்பல் நிறத் திட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும், பொறுக்க வேண்டியதுதான்.

ஒரு மாதம் எழுதியதும் யூனிட், தேதி, மணி மூன்றும் பொருந்தும் நாள் ஒன்றிரண்டு கிடைக்கும். அதை வைத்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். இன்ன யூனிட், இன்ன தேதி, காலை 6 முதல் 12 வரை, புகைபோக்கியில் உள்ள தொடர் கண்காணிப்புக் கருவியின் 15 நிமிட அளவீடுகள் வேண்டும் என்று கேளுங்கள். வரும் தாளில் ஒரே எண் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் கருவி செத்துக் கிடந்திருக்கலாம். அதுவே அடுத்த கேள்வி. கந்தகத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டார்கள். பத்தாண்டு தவணைமேல் தவணை கொடுத்துக் கடைசியில் கடனையே தள்ளியது போல! பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரிலிருந்து 10 கி.மீ.க்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. நீங்கள் கேட்கும் யூனிட் இதில் எந்தப் பிரிவில் வருகிறது என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஸ்டாம்பாக ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்டாம்பு வாங்கும்போது இரண்டாக வாங்கிவையுங்கள். வல்லூருக்கும் ஒரு மனு எழுத வேண்டி வரும்.