காட்டு மனிதனும் ஊரவர் சாட்சியும்

மலாய் மொழியில் 'ஓராங்' என்பது மனிதனையும் 'ஊத்தான்' என்பது காட்டையும் குறிக்கும். அவ்விரு சொற்களாற் பெயர் பெற்ற ஒராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்கு போர்ணியோ, சுமாத்திரா ஆகிய தீவுகளில் மாத்திரமே இன்று காட்டில் வாழ்கின்றது. உயர்ந்த மரங்களிற் பெரும்பாலும் தனித்துத் திரியும் இவ்விலங்கை நேரே எண்ணுதல் எளிதன்று. ஆதலின் ஆராய்ச்சியாளர் அதன் கூட்டை எண்ணுவர். வளர்ந்த ஒராங்குட்டான் மாலைதோறும் கிளைகளை வளைத்துக் கூடு சமைத்து அதிலே துயிலும். நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ட கூடுகளைக் கணக்கிட்டு, ஒரு கூடு உக்கிப்போகும் காலத்தையும் கருதி விலங்கின் தொகையை மதிப்பிடுவர். ஆனால், மரத்தின் வன்மைக்கும் மழைக்கும் ஏற்பக் கூடு சில வாரங்களிலும் அழியலாம். ஓராண்டுக்கு மேலும் நிற்கலாம். அக்காலக் கணக்குப் பிழைப்பின் விடையும் பிழைக்கும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கூடு விலங்கு வாழ்ந்ததைச் சொல்லுமேயன்றி, அது கொல்லப்பட்டதைச் சொல்லாது. அதனைச் சொல்ல வல்லார் காட்டோரத்துக் குடிமக்களே. போர்ணியோவின் இந்தோனேசியப் பகுதியாகிய கலிமந்தானில், 2008 ஏப்பிரில் தொடக்கம் 2009 செத்தெம்பர் வரை 687 கிராமங்களில் 6,983 பேர் வினவப்பட்டனர். அவர்தம் வாழ்க்கை நிலை, காட்டுவிலங்குகளைப் பற்றிய அறிவு, ஒராங்குட்டானைக் கொன்ற செய்தி, அதனைக் காக்கும் சட்டம் ஆகிய யாவும் கேட்கப்பட்டன. விலங்கறிவைக் கேட்டது வீண்வினாவன்று. ஒரு குரங்கை மற்றொன்றினின்று பிரித்தறியாதவன் சாட்சி எவ்வாறு ஏற்கப்படும்? நம்முள் நியாயதுரந்தரராயுள்ளோர்க்கு இது புதிதன்று.

அவ்விடைகளிலிருந்து, முந்திய ஓராண்டிற் கொல்லப்பட்டவை 750 முதல் 1,800 வரை என மதிப்பிடப்பட்டது. விடையளித்தோரின் வாழ்நாட் சராசரியோ ஆண்டுக்கு 1,950 முதல் 3,100 வரை. இரு தொகைக்கும் இடையே இத்துணை அகலம் இருத்தலைக் கண்டு இம்முறையை இகழ்வாருமுளர். நினைவு மங்கும், சட்டத்துக்கு அஞ்சி மறைப்போரும் இருப்பர். எனினும் சிறிய தொகையையே கொள்வோம். ஒராங்குட்டான் ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டியை ஈனும். அத்தகைய இனம் ஆண்டுதோறும் இவ்விழப்பைத் தாங்குவது அரிது. போர்ணியோ ஒராங்குட்டான் 2016 இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

கொன்றவன் பெயரை வினவாது, கொல்லப்பட்டதுண்டா என்று மாத்திரம் வினவுதலே நன்று என்பது எம் கருத்து. பெயர் கேட்கத் தொடங்கிய அன்றே ஊர் வாயடைத்துவிடும். பின்னர்க் கூடுகளை எண்ணுவதன்றி வேறு வழியிராது.