ஒரு தாயின் கையெழுத்து

கேள்வி: சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களின் தாய்மார்களைப் பற்றி நல்ல படம் உண்டா?

பதில்: 1996இல் டெரி ஜார்ஜ் இயக்கிய ‘சம் மதர்ஸ் சன்’ பாருங்கள். 1981இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில், அரசியல் கைதிகளுக்குரிய உரிமைகளைக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த 10 பேர் இறந்தார்கள். முதலில் இறந்த பாபி சாண்ட்ஸ் 66 நாள் பட்டினி கிடந்தார். அந்தப் பின்னணியில் நிகழும் கதை இது. அரசியலை விட்டு ஒதுங்கி வாழும் ஆசிரியையாக ஹெலன் மிரன். போராட்டத்தை நம்பும் தாயாக ஃபியனூலா ஃபிளானகன். உண்ணாவிரதம் இருக்கும் மகன் நினைவிழந்ததும், சிகிச்சைக்குச் சம்மதிக்கும் உரிமை தாயிடம் வருகிறது. பிள்ளையின் உயிரா, அவன் கொண்ட உறுதியா? இருவரும் வெவ்வேறு முடிவெடுக்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெற்ற வயிறு படும் பாட்டை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படங்கள் குறைவு. அவசியம் பாருங்கள்.