காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகளிலும் முதல் கலந்தாய்வில் உனக்கு இடம் கிடைக்கவில்லை, பெயர் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். “வெயிட்டிங் லிஸ்ட்னா இல்லைன்னுதான் அர்த்தம்” என்று அறைத் தோழிகள் சொல்வதையும் எழுதியிருக்கிறாய். அவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாதே. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு நீ தங்கியிருக்கும் குடியிருப்பு, வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்தது, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டு, மேலே படிக்க நினைத்துப் பாதியில் நின்றவர்கள் உன் மாடியிலேயே இருப்பார்கள். இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டு.

கல்லூரிச் சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். காத்திருப்போர் பட்டியல் எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இடம் கிடைத்ததையும், தெரியாதவர்கள் கைக்கு வந்ததை இழந்ததையும் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேதியியலில் இடம் குறைவாக இருக்கக் காரணம் ஆய்வகம். வரலாற்று வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்கு பெஞ்சு போட்டுவிடலாம். வேதியியலில் ஒவ்வொரு மாணவிக்கும் மேசையில் இடம், ப்யூரெட், எரிவாயு இணைப்பு, அமிலத்தைக் கையாளும்போது பக்கத்தில் கவனிக்க ஓர் ஆசிரியர் என எல்லாம் வேண்டும். தேவை அதிகமுள்ள ஆண்டுகளில் அரசே கூடுதல் இடங்களை அனுமதிப்பது உண்டு. 2025இல் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 20 விழுக்காடு கூடுதல் இடம் தரப்பட்டது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நீ விண்ணப்பித்த கல்லூரியின் வேதியியல் துறை எத்தனை பேரைக் கூடுதலாக எடுக்கிறது என்று நேரில் போய்க் கேள். ஆய்வகம் தாங்கும் அளவுக்குத்தான் எடுப்பார்கள்.

அடுத்தது, பட்டியல் ஒன்றே என்று எண்ணாதே. அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூவின் மொழிப்பாடங்களை விட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அதன் மேல் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு வருகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, அருந்ததியர் உள்ளிட்ட ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. மிச்சம் 31 எல்லோருக்கும் பொது. ஓர் இடம் காலியானால், அது எந்தப் பிரிவில் காலியானதோ அந்தப் பிரிவின் அடுத்த பெயரைத்தான் அழைப்பார்கள். ஆகவே “எனக்கு முன்னால் எத்தனை பேர்?” என்று கேட்டு மனம் சோராதே. “என் பிரிவில் இந்தப் பாடத்துக்குப் போன ஆண்டு எந்த மதிப்பெண் வரை கூப்பிட்டீர்கள்?” என்று கேள். அந்தப் பதிலை வைத்து உன் நிலைமையை நீயே கணக்குப் போட்டுவிடலாம்.

வேதியியல் பட்டியல் நகர ஒரு தனிக் காரணம் இருக்கிறது. உன்னோடு விண்ணப்பித்தவர்களில் நிறையப் பேர் இயற்பியல், வேதியியல், கணிதம் அல்லது உயிரியல் படித்தவர்கள். அவர்களில் பலருக்கு பி.எஸ்சி. ஒரு பாதுகாப்புக்குப் போட்டுவைத்த விண்ணப்பம். பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் சிலர் அங்கே போவார்கள். பிறகு மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு என்று ஒவ்வொரு கலந்தாய்வும் சிலரை இழுத்துக்கொள்ளும். ஜூனில் சேர்ந்தவர்களில் சிலர் ஆகஸ்டில் டி.சி. வாங்கிக்கொண்டு போவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த இடங்கள்தான் உனக்கானவை. ஒவ்வொரு பெரிய கலந்தாய்வுச் சுற்றும் முடிந்த இரண்டு மூன்று நாளில் கல்லூரி அலுவலகத்தில் போய் விசாரி. அறிவிப்புப் பலகை, கல்லூரி இணையதளம் இரண்டையும் பார்.

அழைப்பு வரும்போது அதிக அவகாசம் தரமாட்டார்கள். நாளைக் காலை அசல் சான்றிதழ்களோடு வா என்பார்கள், வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஆலையின் உற்பத்தி லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்று எழுதியிருக்கிறாய். அதனால் விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணோடு, அம்மாவின் எண்ணையும் அலுவலகத்தில் எழுதிவைக்கச் சொல். அழைப்பு வந்தால் “வருகிறாள்” என்று உடனே சொல்ல அம்மாவுக்குச் சொல்லிவை. மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் உன்னிடமே இருக்கட்டும். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழை யாரிடமாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கு. படிப்பில் இடைவெளி விழுந்திருப்பதற்கு ஏதும் சான்று வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடு.

எல்லா விண்ணப்பத்தையும் ஒரே வகைக் கல்லூரியில் வைக்காதே. அரசுக் கல்லூரிகளுக்குத் தமிழகம் முழுவதும் ஒரே இணைய விண்ணப்பம். உனக்கு எட்டும் தூரத்தில் செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பச்சையப்பன் கல்லூரிகள் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போனால், கிடைப்பது உதவி பெறும் பிரிவில் இடமா, சுயநிதிப் பிரிவில் இடமா என்று கேள். இரண்டுக்கும் பட்டியல் வேறு, கட்டணமும் வேறு. “கொஞ்சம் பணம் கொடுத்தால் பட்டியலில் மேலே ஏற்றிவிடுகிறேன்” என்று யார் வந்தாலும் பேச்சையே வளர்க்காதே.

வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தால் அங்கே சேர்ந்துவிட்டுக் காத்திரு. சேர்ந்தால் சான்றிதழை முடக்கிவிடுவார்கள், கட்டிய பணம் போய்விடும் என்று பயப்படாதே. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தை எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சீக்கிரம் விலகினால் அதிகம் கிடைக்கும். அதனால் விலகும் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்.

வேலையை என்ன செய்வது என்பதுதான் உன்னை உறங்கவிடாத கேள்வி என்று தெரியும். வேதியியலை வகுப்புக்குப் போகாமல் படிக்க முடியாது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும், செய்முறைத் தேர்வுக்குக் கைப்பழக்கம் வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, கண்ணெரிச்சலோடு அமிலக் குப்பியைப் பிடிக்காதே. சில அரசுக் கல்லூரிகளில் மதியச் சுழற்சி வகுப்புகள் உண்டு, வேதியியல் அதில் இருக்கிறதா என்று கேள். வேலையை விடுவதானால், அழைப்பு வரும்வரை சம்பளத்தில் முடிந்ததை ஒதுக்கிவை. அரசுக் கல்லூரியில் இளநிலைக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. நீ ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள், ஆகையால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். உன் சம்பளத்துக்கு அது ஈடாகாது, ஆனால் பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும். தொலைநிலைக் கல்விக்கு அந்த உதவி கிடையாது என்பதை மறக்காதே.

இவ்வளவு பாடுபட்டு வேதியியல் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். உன்னைச் சுற்றியிருப்பதைக் காட்டு. ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடி ஆலையில் மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்பும் உருகி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து சமதளத் தகடாகின்றன. ஒரகடத்து டயர் ஆலையில் கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து அதற்கு வலுவைத் தருகிறது. பெயின்ட் ஆலை, வாகனங்களுக்கு வண்ணம் பூசும் கூடம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் என்று எங்கே போனாலும் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே மாதிரி எடுத்து, அளந்து, “இது சரியில்லை, வெளியே விடாதே” என்று சொல்ல ஒருவர் வேண்டும். நம் ஏரிகளுக்குப் பக்கத்தில் இத்தனை ஆலைகள் வந்த பிறகு, அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊர்ப் பெண்களிலிருந்தே வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அடுத்த வார விடுமுறை நாளில் இரண்டு கல்லூரிகளுக்கும் நேரில் போ. உன் பிரிவு, தரவரிசை எண், போன ஆண்டு கடைசியாக அழைத்த மதிப்பெண் மூன்றையும் குறித்து வந்து எனக்கு எழுது. அதைப் பார்த்து, எங்கே காத்திருப்பது, எங்கே சேர்வது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் அக்கா