வேட்டை நாயும் காட்டுப் பன்றியும்: அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்துக் குடும்பம் நடத்தும் நம்மவர் பலருக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே நிலக்கடலையோ மரவள்ளியோ போட்டால், ஒரே இரவில் காட்டுப் பன்றிக் கூட்டம் புகுந்து தோண்டிப் போட்டுவிடுகிறது. 'கோம்பை நாய் இரண்டு வாங்கி ஏவிவிடலாமே' என்ற யோசனை அப்போது எழுகிறது. நாய் வளர்க்கலாமா, பன்றி மீது ஏவலாமா, நாய் பட்ட உடையோடு தொழலாமா என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. இவற்றுக்கு மார்க்கம் தெளிவான வழி காட்டியிருக்கிறது.

1. நாய் வளர்ப்பது: வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்கு நாய் வளர்க்க நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். தேவையின்றி வளர்ப்பவருடைய நன்மை நாள்தோறும் குறையும் என்றும் எச்சரித்தார்கள். வீட்டுக் காவலையும் கிடங்குக் காவலையும் இவற்றோடு ஒப்பிட்டு, ஷாபிஈ மத்ஹபில் கூடும் என்பதே சரியான சொல். ஆடம்பரத்துக்காக வளர்ப்பது கூடாது.

2. நாயைக் கொண்டு வேட்டையாடுவது: பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பதற்கு அல்மாயிதா சூராவின் 4-ஆம் வசனம் ஆதாரம். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இதுபற்றி வினவியபோது நபி (ஸல்) அவர்கள் நிபந்தனைகளை விளக்கினார்கள். நாய் பழக்கப்பட்டதாயிருக்க வேண்டும். பிஸ்மி சொல்லி ஏவ வேண்டும். பிடித்ததை அது தின்றிருக்கக் கூடாது. வேறு நாய் கூடச் சேர்ந்திருந்தால் உண்ணக் கூடாது. ஏவினால் ஓடி, தடுத்தால் நிற்பதே பழகிய நாயின் அடையாளம். ஹனபியில் பிஸ்மி கட்டாயம், ஷாபிஈயில் சுன்னத்து.

3. பன்றியின் நிலை வேறு: மேலே சொன்ன அனுமதி, உண்ண ஆகுமான பிராணிக்கு உரியது. பன்றி ஹராம். பிஸ்மி சொல்லி ஏவினாலும் அது ஹலாலாகாது. அதை விற்றுக் காசாக்குவதும் கூடாது. பன்றியின் விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள். ஆகவே இங்கே எஞ்சுவது ஒரே காரணம்: பயிருக்கு வரும் தீங்கைத் தடுப்பது. தீங்கை லேசான வழியில் தடுக்க முடியுமானால் கடுமையான வழிக்குப் போகக் கூடாது என்பது பிக்ஹுச் சட்டம். குரைத்து விரட்டும் நாய் போதுமென்றால் கடித்துக் குதற விடுவதற்கு நியாயமில்லை.

'எப்படியும் ஹராமான பிராணிதானே, எப்படிச் செத்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். உயிரைக் கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்பது நபிகளாரின் கட்டளை. உயிருள்ளதைக் குறிபார்க்கும் பொருளாக்கியவரை அவர்கள் சபித்தார்கள். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதையும் தடுத்தார்கள். நான்கு நாய்கள் சேர்ந்து ஒரு பன்றியைக் கிழிப்பதைச் சுற்றி நின்று ரசிப்பது இந்தத் தடைக்குள் வரும். பன்றியின் கோரைப் பல் நாயின் வயிற்றையும் கிழித்துவிடும். அந்த நாயின் பொறுப்பும் வளர்த்தவர் மீதே.

4. நாட்டுச் சட்டம்: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பன்றியை நாமாக வேட்டையாடுவது குற்றம். துரத்திப் பிடிப்பதும் வேட்டை என்றே அச்சட்டம் கொள்கிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஆணை வெளியிட்டது. அதன்படி காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம். ஆகவே பயிர் அழிந்தால் வனத்துறையிடம் முறையிட வேண்டும். வேலியும் காவலும் நம் கடமை. நாய் அந்தக் காவலோடு நிற்கட்டும்.

5. சுத்தம்: ஷாபிஈ மத்ஹபில் நாயும் பன்றியும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். ஹனபியில் நாயின் எச்சில் நஜீஸ். பாத்திரத்தை மூன்று தடவை கழுவுவது அவசியம், ஏழு சிறப்பு. நாய் இருக்கும் வீட்டில் தொழும் இடத்தையும் உடையையும் தனியே பேணுங்கள்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும்.

அறுவடை முடிந்ததும் காவல் நாயைத் தெருவில் விட்டுவிடுவோர் உண்டு. தாகித்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒரு மிடறு தண்ணீருக்கு அத்தனை மதிப்பு இருக்குமானால், நமக்காக இரவெல்லாம் விழித்த பிராணியைப் பட்டினி போடுவது எவ்வளவு பெரிய குற்றம்!

நம் பயிரையும் நம் கையிலுள்ள உயிர்களையும் அமானிதமாகப் பேணும் நல்லுணர்வை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.