கடைசிக் குழாயிலும் குளோரின் இருக்கிறதா?



“இன்னிக்குத் தண்ணியில மருந்து வாடை அடிக்குது, வாயில வைக்க முடியல!” குழாயடியில் நாம் எல்லோரும் பேசும் பேச்சுதான் இது. தொட்டி ஆபரேட்டரிடம் சண்டை போட்டவர்களும் நம்மில் உண்டு. அவரும் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று பவுடரைக் குறைத்துவிட்டால் நட்டம் யாருக்கு? வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் நம் பிள்ளைக்குத்தான்.

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் காலரா, டைபாய்டு கிருமிகள் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் அவற்றைக் கொல்கிறது.

தொட்டியில் கொன்றால் போதுமா? போதாது. குழாய் பல இடங்களில் சாக்கடை ஓரமாக வருகிறது. தண்ணீர் நின்றதும் விரிசல் வழியாக அழுக்கு உள்ளே புகுந்துவிடும். அதனால் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். லேசான அந்த வாடைதான் நமக்குக் காவல்.

செய்ய வேண்டிய முறை:

1. தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவ வேண்டும். சேறும் பாசியும் இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும்.

2. வீரியமுள்ள பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம்.

3. பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி வேண்டாம்.

4. அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும்.

5. காற்றும் ஈரமும் பட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். இறுகக் கட்டி, காய்ந்த நிழலில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கை: கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு இந்தப் பவுடரைக் கலக்கவே கூடாது. விஷவாயு கிளம்பும்.

பவுடர் போடுவது ஆபரேட்டர் வேலை. சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. குளோரின் சோதனைக் கருவியை ஊராட்சியில் கேட்டு வாங்குவோம். குழுவுக்கு இருவர் போய், கடைசிக் குழாய்த் தண்ணீரைச் சோதிப்போம். நிறம் மாறாவிட்டால் குளோரின் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

குளோரின் இல்லையென்றால் உடனே ஊராட்சியில் சொல்வோம். சரியாகும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிப்போம்.

அடுத்த கூட்டத்தில், சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இதையும் பேசுவோமா? உங்கள் ஊர்க் கடைசிக் குழாய் யார் வீட்டில் இருக்கிறது?